மொட்டைமாடியிலிருந்து சூப்பர்நோவா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கியை எந்தப் பள்ளி மைதானத்தில் நிறுத்தினாலும், சனியின் வளையத்தைப் பார்த்து முடித்தவர்களில் யாராவது ஒருவர் வரிசையை விட்டு ஒதுங்கி நின்று, "நம்மைப் போன்றவர்கள் வானத்தில் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்பார். முடியும் என்று சொல்லி, அர்ஜென்டினாவின் பூட்டுக்காரர் ஒருவர் கதையை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. எனவே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

சூப்பர்நோவா என்றால் புது நட்சத்திரம் பிறப்பதுதானே சார்?

இல்லை, சாவது. "நோவா" என்றால் லத்தீனில் புதியது. வெறும் வானம் இருந்த இடத்தில் திடீரென்று ஒரு புள்ளி தெரிந்ததால் அந்தக் காலத்தவர்கள் புது நட்சத்திரம் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சாவு இரண்டு வழிகளில் வரும். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரத்தின் மையத்தில் எரிபொருள் தீர்ந்ததும் மையம் நொடிப்பொழுதில் உள்ளே சரிந்து, வெளிப்பகுதி வெடித்துச் சிதறும். இன்னொன்று வெண்குறுமீன் வழி. எரிந்து முடிந்த சிறிய நட்சத்திரம் துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டே போய், சூரிய நிறையைப் போல 1.4 மடங்கை நெருங்கும்போது முழுவதுமாக வெடித்துவிடும். அந்த 1.4 என்ற எண்ணுக்கு சந்திரசேகர் எல்லை என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 19.

கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரம் என்கிறீர்கள். மொட்டைமாடித் தொலைநோக்கியில் அது எப்படித் தெரியும்?

தனி நட்சத்திரம் என்றால் தெரியாது. ஆனால் வெடிக்கும்போது அந்த ஒற்றை நட்சத்திரம், தான் இருக்கும் விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸியின்) மொத்த வெளிச்சத்தோடும் சில வாரங்களுக்குப் போட்டி போடும். 2023 மே 19 அன்று ஜப்பானின் கொய்ச்சி இடகாகி எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவைப் பிடித்தார். தூரம் ஏறத்தாழ 2.1 கோடி ஒளியாண்டு. அவர் பார்த்தபோது அதன் பொலிவெண் 14.9.

பொலிவெண் கூடக் கூட வெளிச்சம் குறையும். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது 6 வரைதான். 14.9 என்றால் அதைவிட ஏறக்குறைய 3,600 மடங்கு மங்கல். கண்ணுக்குக் கடினம், ஆனால் 20 செ.மீ. தொலைநோக்கியில் ஒரு கேமராவை மாட்டினால் ஓரிரு நிமிடங்களில் பதிந்துவிடும். அடுத்த சில நாட்களில் அது 11ஐ நெருங்கியது. அப்போது கேமரா இல்லாமல், தொலைநோக்கி வழியே கண்ணாலேயே பலர் பார்த்தார்கள்.

இதற்கென்றே விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, இதில் பொழுதுபோக்குக்காரர்களுக்கு என்ன வேலை?

பெரிய தொலைநோக்கிகள் முன்பதிவு செய்த ரயில் பெட்டி மாதிரி. எந்த இரவு, யார், எந்தப் பொருளைப் பார்ப்பது என்று மாதங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். சும்மா வலம் வந்து எங்கே என்ன வெடித்திருக்கிறது என்று பார்க்க அங்கே நேரம் கிடையாது. அந்த வேலையை வெகுகாலம் அமெச்சூர்கள்தான் செய்தார்கள். ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் கேமராவே இல்லாமல், தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்து மட்டும் 40க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களையும் அவற்றின் முன்னால் நிற்கும் நட்சத்திரங்களையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். நம் தெருவில் புதிதாக ஒரு சைக்கிள் நின்றால் நமக்குத் தெரிவதைப் போல அவருக்கு வானம் தெரிந்தது. இடகாகியின் கணக்கு 170ஐத் தாண்டியது. இங்கிலாந்தின் டாம் போல்ஸ் 150க்கும் மேல்.

இப்போது தானியங்கித் தொலைநோக்கிகள் இரவெல்லாம் வானத்தைத் துழாவுகின்றன. அதனால் நிலைமை மாறியிருக்கிறது. அந்தக் கேள்வி கீழே தனியாக வருகிறது.

அந்தப் பூட்டுக்காரர் கதை நிஜமா, இல்லை கூட்டத்தைப் பிடித்துவைக்கச் சொல்வதா?

நிஜம். விக்டர் புசோ, அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் பூட்டு, சாவி வேலை செய்பவர். திண்டுக்கல்காரர்கள் யாராவது படித்தால் சந்தோஷப்படலாம். வீட்டு மாடியில் சிறு கூண்டு கட்டி, 40 செ.மீ. தொலைநோக்கி வைத்திருந்தார். 2016 செப்டம்பர் 20 அன்று புதிதாக வாங்கிய கேமராவைச் சோதித்துப் பார்க்க மாடிக்கு ஏறினார். எந்த மண்டலம் என்று அவருக்குக் குறி எதுவும் இல்லை. தலைக்கு மேலே வசதியாக இருந்த என்.ஜி.சி. 613ஐ நோக்கித் திருப்பினார். ஏறக்குறைய 8 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள சுருள் மண்டலம் அது.

நகர வெளிச்சம் படத்தை வெளுக்கச் செய்யும் என்பதால், நீண்ட நேரத்துக்கு ஒரே படம் எடுக்காமல் 20 நொடிப் படங்களாக அடுக்கடுக்காக எடுத்தார். முதல் நாற்பது படங்களில் ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேர இடைவெளி விட்டுத் திரும்பவும் எடுத்தார். சுருளின் தென்முனைப் பக்கம் ஒரு மங்கலான புள்ளி. முந்தைய படங்களில் அங்கே வெறுமை. புள்ளி படத்துக்குப் படம் பிரகாசமாகிக்கொண்டே போனது.

ஒரு பெரிய நட்சத்திரத்தின் மையம் சரிந்ததும் அதிர்ச்சி அலை ஒன்று உள்ளிருந்து புறப்படும். அது நட்சத்திரத்தின் மேற்பரப்பைப் பிளந்து வெளியே வரும் அந்தக் கணத்தின் வெளிச்சத்தைத்தான் அவர் பிடித்திருந்தார். கணினியில் மட்டும் பலமுறை கணக்கிட்டுப் பார்த்த காட்சி அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில், சாதாரணமான ஒரு சூப்பர்நோவாவில் யாரும் அதுவரை இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்ததில்லை. லா பிளாட்டா வானியற்பியல் நிறுவனத்தின் மெலினா பெர்ஸ்டன் தலைமையில் அந்த ஆய்வு 2018 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. ஆசிரியர் பட்டியலில் புசோவின் பெயரும் உண்டு.

அது சுத்த அதிர்ஷ்டம் இல்லையா?

அந்தக் கணத்தில் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது அதிர்ஷ்டம். கோடியில் ஒரு வாய்ப்பு, பத்துக் கோடியில் ஒன்றாகக்கூட இருக்கலாம் என்று பெர்ஸ்டனே மதிப்பிட்டார். ஆனால் அதிர்ஷ்டத்தோடு கதையை முடிப்பவர்கள் அந்த முதல் நாற்பது படங்களை மறந்துவிடுகிறார்கள். கேமரா சோதனைதானே என்று நாலு படம் எடுத்துவிட்டு, நன்றாக இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சூப்பர்நோவா கண்டுபிடிப்பு என்ற அளவில் முடிந்திருக்கும். "இத்தனை மணிக்கு இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லும் வெறும் படங்கள் இருந்ததால்தான் வெடிப்பு வெளியே தெரிந்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடிந்தது.

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றுமில்லாத நாற்பது படங்களைத்தான்.

படத்தில் ஆயிரம் புள்ளி இருக்கிறது. அதில் எது புதுசு என்று எப்படித் தெரியும்?

பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். அதே மண்டலத்தை நீங்களே முன்பு எடுத்த படம் இருந்தால் மிகவும் நல்லது. அதே கேமரா, அதே தொலைநோக்கி, அதே குறைகள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கணினித் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினால் புதிய புள்ளி கண்சிமிட்டும். சொந்தப் படம் இல்லாதவர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வானப் பதிவுகளை எடுத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. மண்டலத்தின் சுருள் கைகளில் ஒளிரும் வாயு முடிச்சுகள் சிறிய தொலைநோக்கியில் நட்சத்திரம் மாதிரியே இருக்கும். நம் பால்வீதியைச் சேர்ந்த நட்சத்திரம் ஒன்று குறுக்கே நின்று ஏமாற்றுவதும் உண்டு. எம்101இல் 2023இல் வெடித்தது, என்.ஜி.சி. 5461 என்று தனிப் பெயரே பெற்ற பெரிய வாயு முடிச்சு ஒன்றின் அருகில்தான். மண்டலத்தின் முகம் பழகாதவர் "அங்கே எப்போதும் ஏதோ பளிச்சென்று இருக்கும்" என்று தாண்டிப் போயிருப்பார்.

சரி, நிஜமாகவே ஒரு புதுப்புள்ளி தெரிகிறது. உடனே யாருக்குப் போன் செய்வது?

யாருக்கும் வேண்டாம். முதலில் உங்களையே சந்தேகப்படுங்கள்.

கேமரா சில்லில் பழுதான ஒரு புள்ளி எப்போதும் வெள்ளையாகத் தெரியும். தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி மறுபடி எடுங்கள். புள்ளி நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தால் அது வானத்தில் இருக்கிறது. படச்சட்டத்தில் அதே இடத்தில் நின்றால் அது உங்கள் கேமராவில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் தாக்கினால் ஒரே ஒரு படத்தில் மட்டும் புள்ளி விழும். அடுத்ததில் இராது.

மிச்சம் இருப்பது சிறுகோள். என் கதையைச் சொல்கிறேன். ஒரு மார்ச் மாத இரவில் சிம்ம ராசிப் பக்கம் ஒரு மண்டலத்தின் விளிம்பில் அழகான ஒரு புள்ளி. பழைய படத்தில் இல்லை. மூன்று படங்களிலும் இருந்தது. மனைவியை எழுப்பி மாடிக்குக் கூட்டிவந்து காட்டினேன். "நல்லா இருக்கிறது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அரை மணி கழித்து எடுத்த படத்தில் புள்ளி இடம் மாறியிருந்தது. சிறுகோள்கள் சூரியப் பாதையை ஒட்டியே நடமாடும். சிம்மம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மூன்று படங்களையும் நான் நாலே நிமிடத்தில் எடுத்திருந்ததால் நகர்வு தெரியவில்லை. இப்போது அரை மணியாவது காத்திருக்கிறேன். சர்வதேசச் சிறுகோள் மையத்தின் இணையதளத்தில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால், தெரிந்த சிறுகோள் எதுவும் அங்கே கடக்கிறதா என்று சொல்லிவிடும். அதையும் பார்க்கிறேன். எழுப்புவது இப்போதெல்லாம் இல்லை.

முடிந்தால் இன்னொரு தொலைநோக்கியிலும் பார்த்துவிடுங்கள். 2014 ஜனவரி 21 அன்று லண்டன் பல்கலைக்கழக வான்காணகத்தில் ஸ்டீவ் ஃபாசி மாணவர்களுக்குத் தொலைநோக்கி பழக்கிக்கொண்டிருந்தார். மேகம் சூழ்ந்துகொண்டு வந்ததால் பாடத்தை விட்டுவிட்டு, இருந்த இடைவெளியில் எம்82 என்ற மண்டலத்தைக் காட்டினார். அதில் இருக்கக் கூடாத ஒரு நட்சத்திரம். மேகம் மூடுவதற்குள் வெவ்வேறு வண்ண வடிகட்டிகளில் அவசர அவசரமாகப் படமெடுத்தார்கள். கூடவே இரண்டாவது தொலைநோக்கியையும் இயக்கி, முதல் கருவியின் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். இத்தனைக்கும் அவர் தொழில்முறை வானியலாளர்.

எல்லாம் பார்த்தாயிற்று. இப்போதாவது சொல்லலாமா?

தாராளமாக. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பதிவிடமாக 2016 முதல் இயங்கும் இணையதளம் ஒன்று இருக்கிறது. டி.என்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பட்டம், பதவி எதுவும் கேட்காது. கணக்குத் தொடங்கி, புள்ளியின் துல்லியமான இடம், கண்ட நேரம், பொலிவெண், பயன்படுத்திய வடிகட்டி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். நேரம் உலகப் பொதுநேரத்தில் இருக்க வேண்டும். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க மறந்து எழுதினால் எதிர்காலத்தில் வெடித்ததாக ஆகிவிடும்.

படிவத்தில் இன்னொரு கட்டமும் உண்டு: கடைசியாக அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் பார்த்தது எப்போது, எவ்வளவு மங்கல் வரை பார்த்தீர்கள்? புசோவின் நாற்பது படங்கள் உட்கார்ந்த கட்டம் அது.

கண்டுபிடித்தவர் பெயரை அதற்கு வைப்பார்களா மாமா?

இல்லை தம்பி. வால்நட்சத்திரத்துக்குத்தான் அந்த மரியாதை. இங்கே வரிசை எண் மாதிரி ஆண்டும் ஆங்கில எழுத்துகளும். வருடத்தின் முதல் 26 பதிவுகளுக்கு ஒற்றைப் பெரிய எழுத்து, பிறகு இரண்டு சிறிய எழுத்துகள், பிறகு மூன்று. எம்101இல் வெடித்தது 2023 ஐ-எக்ஸ்-எஃப். ஐ ஒன்பதாவது எழுத்து, எக்ஸ் இருபத்து நாலாவது, எஃப் ஆறாவது. 9ஐ 676ஆலும் 24ஐ 26ஆலும் பெருக்கி, 6ஐக் கூட்டிப் பார்: 6,714. மே மாதம் முடிவதற்குள்ளேயே ஆறாயிரத்து எழுநூறு பதிவுகள்.

பெயருக்கு முன்னால் வரும் இரண்டெழுத்தையும் கவனி. பதிவானதும் ஏ.டி. என்று வரும், வெறும் "தற்காலிக ஒளி" என்ற பொருளில். உறுதியான பிறகே அது எஸ்.என். ஆகும். பல பதிவுகள் கடைசி வரை ஏ.டி.யாகவே நின்றுவிடுகின்றன. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். கண்டுபிடித்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். பணம் கிடையாது. அதையும் கேட்பார்கள், எனவே சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

உறுதி செய்வது என்றால் இன்னொருவரும் பார்ப்பதுதானே?

இன்னொருவர் பார்த்தால் புள்ளி இருப்பது உறுதி. அது சூப்பர்நோவா என்பது உறுதியாகாது. அதற்கு நிறமாலை வேண்டும், அதாவது ஒளியை வண்ணங்களாகப் பிரித்துப் பார்ப்பது. ஹைட்ரஜனின் கோடுகள் இருந்தால் இரண்டாம் வகை, மையம் சரிந்து வெடித்தது. ஹைட்ரஜன் இல்லாமல் சிலிக்கனின் ஆழமான பள்ளம் தெரிந்தால் ஒன்று-ஏ வகை, சந்திரசேகர் எல்லையைத் தொட்ட வெண்குறுமீன். கோடுகள் அகன்று கிடப்பதை வைத்து, பொருள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதைக் கணக்கிடலாம். நம் பால்வீதியில் வெளிச்சம் ஏறி இறங்கும் சாதாரண மாறொளி நட்சத்திரத்தில் பொருள் அப்படிப் பறக்காது.

இடகாகியின் புள்ளிக்கு, லா பால்மா தீவில் இருக்கும் லிவர்பூல் தொலைநோக்கி சில மணி நேரத்திலேயே நிறமாலை எடுத்து இரண்டாம் வகை என்று சொன்னது. புசோவினுடையதை கலிபோர்னியாவின் லிக் வான்காணகமும் ஹவாயின் கெக் தொலைநோக்கிகளும் தொடர்ந்து பார்த்தன. சூரியனைப் போல 20 மடங்கு நிறையோடு பிறந்து, பெரும்பகுதியைத் துணை நட்சத்திரத்திடம் இழந்து, 5 மடங்காக இளைத்த பிறகு வெடித்தது என்று தெரிந்தது. சில அமெச்சூர்கள் சிறிய நிறமாலைக் கருவிகளை வாங்கி இதையும் சொந்தமாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வேலை எல்லாம் வெளிநாட்டில்தானா?

லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி சூப்பர்நோவா ஆய்வில் நன்கு பெயர் பெற்றது. சந்திரா என்பது மேலே சொன்ன சந்திரசேகர்தான். எம்101 சூப்பர்நோவாவை அதுவும் பார்த்தது, விண்ணிலிருந்து இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் பார்த்தது.

சென்னை வெளிச்சத்தில் இது சாத்தியமா?

ரொசாரியோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதி. அவர் செய்ததைச் செய்யுங்கள்: சிறு சிறு படங்கள், பிறகு கணினியில் அடுக்குவது. வெளிச்சத்தைவிட நமக்குப் பெரிய எதிரி மழைக்கால மேகமும் மார்கழிப் பனிமூட்டமும்தான். உயரம் பிரச்சினை இல்லை. எம்101 சென்னையில் வடவானில் 49 பாகை வரை ஏறும். என்.ஜி.சி. 613 தென்வானில் ஏறக்குறைய அதே அளவு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதன் லாபம் இது. லண்டன்காரருக்கு என்.ஜி.சி. 613 அடிவானத்துக்கு மேல் 9 பாகைதான் ஏறும்.

தொலைநோக்கி இல்லாமல் என் பெண்ணால் எதுவும் செய்ய முடியாதா? பத்து வயதுதான் ஆகிறது.

2011 ஜனவரி 2 அன்று கனடாவில் ஒரு பத்து வயதுச் சிறுமி, குடும்ப நண்பர் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் எடுத்த படங்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். 24 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு மண்டலத்தில் கண்சிமிட்டிய புள்ளியைக் காட்டினாள். அது 2010 எல்-டி என்று பதிவாகியிருக்கிறது. படம் எடுத்தவர் வேறு, கண்டவர் வேறு, இருவர் பெயரும் இருக்கிறது.

2023இல் வெடித்தது என்கிறீர்கள், 2.1 கோடி ஒளியாண்டு என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

கேட்டவர் ஒரு கணக்கு ஆசிரியர். அவர் சொல்வது சரி. வெடித்தது 2.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒளி வந்து சேர்ந்தது 2023இல். ஆனால் எம்101இன் தூரத்திலேயே லட்சக்கணக்கான ஒளியாண்டு பிசகு இருக்கலாம். எனவே வெடித்த ஆண்டை எழுத ஆரம்பித்தால் எதுவும் நிற்காது. மணி, நிமிடம் வரை துல்லியமாகத் தெரிவது ஒளி வந்து சேர்ந்த நேரம் மட்டும்தான். வானியலாளர்கள் அதையே வைத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் முதலில் விழுந்தது என்னிடம், கவனித்தது வேறொருவர். பெருமை யாருக்கு?

கவனித்துச் சொன்னவருக்கு. மேலே சொன்ன எம்82 சூப்பர்நோவா, லண்டனில் கண்ணில் படுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பிருந்தே பலர் எடுத்த படங்களில் உட்கார்ந்திருந்தது. தானியங்கித் தேடலும் கோட்டை விட்டது. இடகாகியின் படங்களிலும் இருந்தது. 170 பிடித்தவருக்கே அப்படி என்றால் நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. அந்தப் பழைய படங்கள் வீணாகவும் இல்லை. வெடிப்பு எப்போது வெளிப்பட்டது என்று கணக்கிட அவைதான் உதவின.

ரூபின் வான்காணகம் எல்லாவற்றையும் பிடித்துவிடுமாமே. இனி நமக்கு என்ன?

சிலியின் ரூபின் வான்காணகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி. தொலைதூரத்து மங்கல் சூப்பர்நோவாக்களில் அதனோடு போட்டியிட நினைப்பது வீண். எண்ணிக்கைப் பந்தயம் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். எவன்ஸ் மாதிரி இனி யாரும் வர முடியாது.

ஆனால் அவ்வளவு பெரிய கண்ணுக்கு அருகிலுள்ள பிரகாசமான வெடிப்பு கூசும், படம் நிரம்பி வழிந்துவிடும். அதோடு எந்த ஆய்வுத் தொலைநோக்கியும் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். திரும்பி வர நாட்கள் ஆகும். நடுவில் இருக்கும் மணி நேரங்கள் அமெச்சூர்களுடையவை. எம்101 விஷயத்தில், இடகாகி அறிவிப்பதற்கு முந்தைய மணி நேரங்களில் உலகம் முழுவதும் அழகுக்காக அந்த மண்டலத்தைப் படமெடுத்தவர்கள் தங்கள் கோப்புகளைத் தோண்டி அனுப்பினார்கள். வெடிப்பு தொடங்கிய ஓரிரு மணி நேரத்தின் நிலவரம் அவற்றிலிருந்துதான் கிடைத்தது. அதுவும் நேச்சர் இதழில் கட்டுரையானது.

பத்து வருடம் எடுத்தும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால்?

பெரிய மண்டலம் ஒன்றில் நூறாண்டுக்கு ஒன்றிரண்டு வெடிக்கும். ஐம்பது மண்டலங்களை விடாமல் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு ஒன்றாவது அங்கே நடக்கும். நீங்கள் பார்க்கும் இரவில் மேகம் இல்லாமல், வேறு யாரும் முந்தாமல் இருக்க வேண்டும். எனக்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.

எடுத்த படங்களைக் கேமரா தந்த மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். அழகுபடுத்திய படம் மட்டும் போதாது. கணினியின் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். என் மேசை இழுப்பறையில் ஐந்து வன்தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் ஒட்டிய தாளில் மண்டலத்தின் எண், தேதி, நேரம், "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கும்.